கண்டக்டரம்மா உடைக்க விடாத சுவர்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோது ஒருநாள், ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று விசில் ஊத மறுத்துவிட்டாள். டிரைவர் முறைத்தார், பயணிகள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். டிப்போவிலிருந்து ஆள் வந்து, பிரேக்கில் கோளாறு என்று சொல்லும்வரை அவள் படிக்கட்டை விட்டு நகரவில்லை.

கணவர் தையல்காரர். வாயில் ஊசியைக் கவ்வியே பழகியதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டார். இருவரும் இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள்.

வம்பு முதல் மாடியில் ஆரம்பித்தது. அங்கிருந்த வாத்தியார் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஈரம் படர்ந்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்கு நேர் மேலேதான் கண்டக்டரம்மாவின் குளியலறை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கான்ட்ராக்டர் அந்தக் குளியலறைச் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார்.

"முழுச் சுவரையும் உடைக்கணும். தரையையும் பேத்துடலாம். பதினஞ்சு நாள் வேலை."

"ஓட்டை எங்க இருக்கு?" என்றாள் கண்டக்டரம்மா.

"உடைச்சாத்தாம்மா தெரியும்."

"வயித்து வலின்னு வந்தவன உச்சந்தலையிலேர்ந்து கிழிச்சுப் பாப்பீங்க போலிருக்கே!"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை வரைக்கும் டைம்மா. அதுக்குள்ள சம்மதிக்கலன்னா உங்க வீட்டுக்குத் தண்ணிய நிறுத்திடுவோம். சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு."

"என் வீட்டுச் சுவருக்கு என்னைக் கேக்காமலே தீர்மானமா? மூணாவது மாடிலேர்ந்துகூட வரலாம் சார், அங்க போய்த் தட்டினீங்களா? ஒழுகுற எடத்தக் காட்டுங்க, உடைச்சுக்கங்க. காட்டாம இந்த வாசல்ல உளி நுழையாது."

அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கணவர் தையல் மெஷினிலிருந்து நிமிராமல், "உடைச்சுட்டுத்தான் போகட்டுமே" என்றார்.

"பதினஞ்சு நாள் எங்க குளிப்பீங்க?"

அவர் மறுபடி மெஷினை மிதித்தார்.

வீம்பு பேசினாளே தவிர, மனசு கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். வாத்தியாரின் மகளுக்கு மூச்சிரைப்பு. ஈரச் சுவருக்குப் பயந்து அவள் கட்டிலை நடுக்கூடத்தில் போட்டிருந்தார்கள். பூசண வாடை மூக்கைத் துளைத்தது.

"மூணு நாள் குடுங்க வாத்தியாரே. என் வீட்டுலதான் ஒழுக்குன்னா, என் வாயாலயே வந்து சொல்றேன்."

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் இறுக மூடிவிட்டு, வராந்தாவிலிருந்த தண்ணீர் மீட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் குட்டிச் சிவப்புச் சக்கரம் எறும்பு ஊர்வதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகம் சுருங்கியது. மூன்றாவது மாடி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாயிற்றே!

சரி, என் வீடுதான். என் வீட்டில் எங்கே?

சமையலறை வால்வை மூடினாள். சக்கரம் சுற்றியது. குளியலறையில் ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினாள். நின்றது. திறந்தாள், சுற்றியது. மூன்று முறை செய்து பார்த்தாள். ஆக, பச்சைத் தண்ணீர்க் குழாயில் குற்றமில்லை. ஹீட்டருக்கு அப்புறம், சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயில்தான் ஓட்டை.

ஹீட்டரைப் போட்டுவிட்டு, ஒரு குழாயையும் திறக்காமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். வெந்நீரை யாரும் எடுக்காதபோது குழாய் சுடக் கூடாது. எங்காவது ஒழுகினால், ஒழுகும் இடம்வரை சூடு வந்துதானே ஆகவேண்டும்? ஹீட்டருக்குக் கீழிருந்து டைல்ஸ்மேல் புறங்கையை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். வெதுவெதுப்பு கூடவே வந்தது. சுவரில் மாட்டியிருந்த கைப்பிடிக் கம்பியைத் தாண்டியதும் சட்டென்று ஜில்லிட்டது.

கணவரைக் கூப்பிட்டாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரல் நுனியில் அறிகிற கை அவருடையது. தொட்டுப் பார்த்தவர் கையை எடுக்கவில்லை.

"இந்தக் கம்பிய மாட்டினது நான்தான்" என்றார்.

எட்டு மாசத்துக்கு முன் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அப்போது யாரிடமோ டிரில் மெஷின் இரவல் வாங்கி வந்து மாட்டிய கம்பி.

"ஒரு ஸ்குரு மட்டும் திடீர்னு வழுக்கிட்டு உள்ள போச்சு. தண்ணி ஒண்ணும் வரல. அதான் சொல்லல."

"எட்டு மாசமாவா?"

"அன்னைக்குத்தான் அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நீ யாரையும் கூப்பிடாம தானா எழுந்து நின்ன. அத எப்படிக் கழட்டுறது?"

திட்டுவதற்கு வார்த்தை நாக்குவரை வந்தது. அவரிடமிருந்த தையல் சாக்பீஸை வாங்கி, அந்த டைல்மேல் பெருக்கல் குறி போட்டாள். பிறகு நேராகக் கீழே போய் வாத்தியாரிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

திங்கட்கிழமை செயலாளரும் கான்ட்ராக்டரும் வந்தபோது அவள் ஏற்பாடு செய்த பிளம்பர் தயாராக இருந்தார். வாத்தியாரும் மேலே வந்திருந்தார்.

"ஒழுக்கு என் வீட்டுலதான் சார். மூணாவது மாடின்னு நான் சொன்னது தப்பு. ஓட்டை இதோ, இங்க. ஒரு டைல்தான் உடைப்போம்."

"இங்க இல்லன்னா?" என்றார் கான்ட்ராக்டர்.

"இல்லன்னா முழுச் சுவரையும் நானே உடைச்சுத் தர்றேன்."

பிளம்பர் கம்பியைக் கழற்றி, டைலைப் பெயர்த்து, ஈரக் காரையைச் சுரண்டினார். குழாயில் குத்தி நின்ற ஸ்குரு, துருப்பிடித்துப் போய்த் தெரிந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் முத்து முத்தாகக் கசிந்தது. கான்ட்ராக்டர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு சாண் குழாயை வெட்டிப் புதிதாக ஒட்டுவதற்கு மதியம்வரைகூட ஆகவில்லை.

செயலாளர் மட்டும் விடவில்லை. "எல்லாருக்கும் எவ்வளவு தொந்தரவு! சங்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்கம்மா."

"கஷ்டப்பட்டது வாத்தியார் வீடு. அவங்ககிட்ட கேட்டாச்சு. சங்கத்துக்கு எதுக்கு? ஓட்டை எங்கன்னு தெரியாம தீர்மானம் போட்டதுக்கு நீங்கதான் எனக்கு எழுதணும். எழுதுங்க, வாங்கிக்கறேன்."

வாத்தியார் வீட்டுச் சுவர் காய ஒரு மாசம் பிடித்தது. அதைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தது கண்டக்டரம்மாவும் அவள் கணவரும்தான். மகளின் கட்டில் பழைய அறைக்குப் போனது.

சங்கத்திலிருந்து இன்றுவரை எந்தக் கடிதமும் வரவில்லை. மாதாமாதம் கூட்டம் முடியும் நேரத்தில், வேறு ஏதாவது உண்டா என்று செயலாளர் கேட்பார். கண்டக்டரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள்.

"என் கடிதம் என்னாச்சு சார்?"