டக்டக் வண்டியின் டிரைவர்

என் அண்ணனுக்கு மர ரயில் வடிவமைப்பதுதான் வேலை. பெட்டியோடு பெட்டி எப்படிக் கோர்ப்பது, எந்த விளிம்பை எவ்வளவு மழுக்குவது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வான். கதவு ஜன்னல் பட்டறையில் இழைப்புளி பிடித்தவன். மிச்சத் துண்டில் என் மூத்தவனுக்கு ஓர் எஞ்சின் செய்துகொடுத்தான். அதைப் பார்த்த யாரோ பொம்மைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது ரயில்.

அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி இரும்புக் குழாய் இருக்கும். கம்பெனியில் அதற்குத் 'தொண்டை' என்று பெயர். அதற்குள் விழுகிற அளவில் எந்தத் துண்டும் கைக்குழந்தை பொம்மையில் இருக்கக் கூடாது. என் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டான். பொத்தான், பாட்டில் மூடி, என் கம்மல், எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்ப்பான்.

"உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சுண்ணா. உன் மூக்கைப் போட்டுப் பாரு, போகுதான்னு" என்பேன்.

"சிரிடி, சிரி. ஒரு நாளைக்குப் புரியும்."

புரியாமலே இருந்திருக்கலாம்.

ஒன்பதாவதுதான் டக்டக் வண்டி. உருட்டினால் அடியில் ஒரு மரநாக்கு அச்சில் தட்டிச் சத்தம் போடும். "அடுப்படியில நிக்கிற அம்மாவுக்குக் கேக்கணும். சத்தம் வர்ற வரைக்கும் பிள்ளை விளையாடுதுன்னு நிம்மதியா இருக்கலாம்" என்றான். மேலே உருண்டைத் தலையோடு ஒரு டிரைவர். எடுக்கலாம், வைக்கலாம்.

மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும் என்று எனக்கே பாடம் எடுத்தவன் அவன். எந்தப் பொம்மையையும் ஒரு கோடை முழுக்க அலமாரியில் காயவிட்டு, திரும்பத் தொண்டையில் போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவான். அந்த மழையில் கம்பெனியின் மரம் உலர்த்தும் அறை பழுதாகிவிட்டது. மேனேஜரோ, லாரி வந்து நிற்கிறது என்று உயிரை எடுத்தார். ஈரம் போகாத மரத்தில் செய்த டிரைவர் தொண்டையின் வாயிலேயே சிக்கி நின்றான். போதும் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான். நாலாயிரம் வண்டி வெளியே போனது. வழக்கம்போல முதல் வண்டி என் வீட்டுக்கு.

அதற்கப்புறம் அவன் முகமே சரியில்லை. ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல. மயிரிழைதான் இடம் விட்டேன்" என்றான். எனக்கு என்ன தெரியும்? வேலையைப் பாரு என்று விரட்டினேன்.

கோடை வந்தது. மழைக்காலமெல்லாம் இடித்துத் தள்ளினால்தான் சாத்த முடிந்த எங்கள் குளியலறைக் கதவு, விரல் பட்டாலே மூடிக்கொண்டது. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன், மடச்சி.

ஒரு மத்தியானம் போன் வந்தது.

"அந்த வண்டி எங்க?"

"சின்னவ உருட்டிட்டிருக்கா. ஏண்ணா?"

"டிரைவரை எடுத்துடு. இப்பவே எடு. அலமாரியில காயவச்சிருந்தவன் தொண்டைக்குள்ள விழுந்துட்டான்."

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து அறையில் டக்டக் கேட்கவில்லை.

ஓடினேன். ஒன்றரை வயசுப் பிள்ளை, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை, மூச்சும் இல்லை. உதடு நீலம். தொடையில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் டிரைவர் தரையில் விழுந்து உருண்டான். அப்புறம் அவள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். நான் அவனை விடவில்லை. "நீயெல்லாம் ஒரு மாமனா? எம் பிள்ளைதானா கெடச்சா உனக்கு? ஊருக்கெல்லாம் அளந்து பாத்தியே, இதை ஏண்டா அளக்கல?" பிறந்ததிலிருந்து அவனை 'டா' போட்டதில்லை, அன்றைக்குப் போட்டேன்.

எச்சில் காயாத டிரைவரை அவன் எடுத்துச் சட்டையில் துடைத்து, குழாயில் போட்டான். உரசாமல் இறங்கி அண்ணன் உள்ளங்கையில் விழுந்தான்.

"கம்பெனியில சொல்லிட்டேன். எல்லாருக்கும் லெட்டர் போடுவாங்களாம். ஒரு வாரம் ஆகுமாம்."

தரையில் கிடந்த வண்டியை ஒரு தள்ளு தள்ளினான். டக், டக், டக். சுவரில் முட்டி நின்றது.

"இன்னும் நாலாயிரம் வீடு" என்றான்.

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. பயம்தான் வந்தது. பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். மணி மூன்றுகூட ஆகவில்லை, வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.