டயர் குடித்த டீ

ஊர்ச் சமையல்கூடத்தில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் மதியச் சாப்பாடு ஆக்கிப்போடுகிறவள் டெல்மா. அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்த வாய் ஒரே ஒருவனிடம்தான் கப்சிப். மருமகன் கிளிஃப்டன். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான எங்கள் ஆட்களின் மரியாதை அது. அவன் எதிரே வந்தால் இவள் புதருக்குப் பின்னால் ஒளிவாள். இவள் உடம்புக்கு அந்தப் புதர் எந்த மூலைக்கு!

இப்போது மகள் ஷனெலுக்கு ஐந்து மாதம். ரத்தம் குறைச்சல். மாத்திரை போட்டால் வாந்தி. மாட்டுக்கறி வாசனையே ஆகவில்லை. அடுத்த சோதனையிலும் ரத்தம் ஏறவில்லை என்றால் விமானத்தில் ஏற்றி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம், பிரசவம்வரை அங்கேதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

கங்காருக் கறி மட்டும் ஷனெலுக்கு இறங்கியது. கிளிஃப்டன் விடாமல் வேட்டைக்குப் போனான். கறியைச் சமையல்கூடத்துச் சரக்கறையில் வைத்துவிட்டு, மாமியார் வருமுன் ஓட்டம் பிடிப்பான்.

சோதனை முடிவு வரும் நாளில் ஓட்டம் பிசகியது. டெல்மா சீக்கிரமே வந்து கங்காரு வால் சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டாள். சரக்கறைக்கு வேறு வாசல் இல்லை. உள்ளே ஒரு தும்மல். டெல்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே போனால் சூப் அடிபிடித்துவிடும். வாசலில் அவள் நாய் டயர் படுத்திருந்தது.

“ஏய் டயர், உள்ள இருக்கிற பெருச்சாளிகிட்ட சொல்லு. மாவு மூட்டையக் கொட்டினா தோல உரிச்சிடுவேன்!”

“டயர், பெருச்சாளி மூச்சுகூட விடலன்னு சொல்லுடா. டீ வாசனைதான் தாங்கல.”

டெல்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பார்க்காமலே டீயையும் ரொட்டியையும் கதவிடுக்கில் தள்ளினாள்.

“டயர், உனக்குத்தாண்டா.”

டயர் அதை நம்பிவிட்டது. உள்ளே ஒரே ரகளை.

“ரொட்டிய விடுடா டயர்!”

அந்நேரம் ஷனெல் வயிற்றைப் பிடித்தபடி ஓடிவந்தாள். “அம்மா! ரத்தம் ஏறிடுச்சு! பிளேன் கிடையாதாம்!”

டெல்மா கரண்டியோடு ஆடினாள், அழுதாள், மகளை முத்தமிட்டாள். சரக்கறைக்குள் யாரோ குதித்தார்கள். மாவு மூட்டை கவிழ்ந்து வெள்ளைப் புகை கிளம்பியது.

“உள்ள யாரும்மா?”

“டயர்தான்.”

ரொட்டியோடு வெளியே வந்த டயர் ஷனெலின் காலை நக்கியது.

டெல்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “டயர், நீ கொண்டாந்த கறியாலதாண்டா எம்பொண்ணு எங்கூட இருக்கா. நீ நல்லா இருக்கணும், ராசா.”

சரக்கறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“லொள்.”