தேயிலைச் சாயம்

என் மகன் பிறந்த சில வாரங்களில் அவன் முதுகில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. தேயிலைச் சாயம் சிந்திக் காய்ந்த மாதிரி நிறம்.

“மாசமா இருந்தப்ப பால் ஊத்தாத பிளேன்டியா குடிச்சுத் தள்ளுன, அதான்” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க அதையே சொன்னார்கள். பிளேன்டி குடிக்காமல் பிள்ளை பெற்றவள் இங்கே யார் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அக்கா பயற்றமாவு போட்டுத் தேய்த்தாள். தோல்தான் சிவந்தது.

அவன் நடை பழகிய நாட்களில் தலையில் மஞ்சளாகச் சிறு கட்டிகள் முளைத்தன. அப்போது நான் மறுபடி உண்டாகியிருந்தேன். நானும் கணவரும் அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் கட்டிகளையும் முதுகுத் திட்டுகளையும் வெகுநேரம் தடவிப் பார்த்தார். “இந்தக் கட்டி அபூர்வமா வர்றது. தனியா வந்தா தானா மறைஞ்சிரும். ஆனா முதுகுல இருக்கிற திட்டு ஒரு பரம்பரை நோயோட அடையாளம். ரெண்டும் சேர்ந்து வந்தா ரத்தத்துல புற்று வருதான்னு அடிக்கடி பார்க்கணும்” என்றார். பிறகு, “வீட்டுல வேற யாருக்கு இப்படித் திட்டு இருக்கு?” என்று கேட்டார்.

என் கணவர் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார். முதுகெல்லாம் அதே பழுப்புத் திட்டுகள். அவர் பீலித் தண்ணீரில் குளிக்கும்போது நான் தினமும் பார்த்த முதுகுதான். மலையில் வெயில்பட்டுக் கறுத்தது என்றே இருவரும் நினைத்திருந்தோம்.

டாக்டர் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

இந்தத் தடவை நான் ஒரு மிடறு பிளேன்டிகூடக் குடித்திருக்கவில்லை.