சோப்பில் குத்திப் பழகியவர்

பல் துலக்கும்போது லுவோ தகாய் பாடுவார். எந்தக் கஷாயத்தில் எந்த வேர் சேரும் என்று மனப்பாடம் செய்வதற்கான பாட்டு அது. நுரை வழிய வழியப் பாடிக்கொண்டே போவார். வரி மறந்துவிட்டால் பக்கத்துக் குழாயில் நிற்பவரை முழங்கையால் ஓர் இடி. அவர் எடுத்துக்கொடுப்பார், இவர் தொடர்வார். வாய் கொப்பளித்ததும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். நாக்கைப் பார்த்தே உடம்பின் கோளாறைச் சொல்வது எங்கள் படிப்பு; செங்டுவின் இந்தச் சீன மருத்துவப் பள்ளி விடுதியில் காலை வணக்கம் என்றால் அதுதான். யார் நாக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கருத்தும் சொல்லலாம்.

“அண்ணே, மஞ்சளாப் படிஞ்சிருக்கு. நேத்து மிளகாய்ச் சட்டிக் கடைக்குப் போயிருக்கீங்க.”

“போனேன். உன்னைக் கூப்பிடலைன்னுதானே இவ்வளவு வைத்தியம் பேசறே?”

சக மாணவர்களான எங்களுக்கெல்லாம் இவர் வயதில் பாதிதான் இருக்கும். இங்கே வருவதற்கு முன் சந்தையில் பன்றிக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர். ஒரு குளிர்காலத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை மேலே எழும்பவே இல்லை. யாரோ ஓர் அக்குபங்சர் ஊசி வைத்தியர் சில நாளில் அதைச் சரிசெய்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், கத்தியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, “நான் அதைக் கத்துக்கப்போறேன்” என்றார். மனைவி யிங் லான் மறுபேச்சுப் பேசாமல் கடையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய தம்பி மட்டும் சும்மா இருக்கவில்லை. “மாமா கத்தியைப் போட்டுட்டு ஊசியைப் புடிச்சிருக்காரு. அடுத்தது நூல் கோக்க ஆரம்பிச்சுடுவாரு” என்று சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

லுவோவின் கால்கள் விடுதிக்கே பொதுச்சொத்து. யாருக்காவது ஊசி குத்திப் பழக ஆள் வேண்டும் என்றால் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, வேர்க்கடலை உரித்துத் தின்றபடி உட்கார்ந்துவிடுவார். ஊசி கோணலாக ஏறினாலும் முகம் சுளிக்கமாட்டார். “நல்லாத்தான் போகுது. இன்னும் கொஞ்சம் தெம்பா அழுத்து” என்பார். ஆனால் தன் முறை வந்தால் சோப்புக்கட்டியைத் தேடிப் போய்விடுவார். அவர் குளிக்கும் சோப்பு முழுக்கச் சல்லடையாய் ஓட்டைகள். சோப்பில் குத்துவார், ஆரஞ்சில் குத்துவார், தன் தொடையிலேயே குத்திக்கொள்வார். அடுத்தவர் உடம்பு என்று வந்தால் அந்தப் பெரிய கை வெலவெலத்துப்போகும்.

“இத்தனை வருஷம் கறி வெட்டினீங்களே, அப்ப நடுங்கலியா?” என்று கேட்டால், “செத்ததுக்கு வலிக்காதேப்பா” என்பார்.

போன வருடச் செய்முறைத் தேர்வில் இந்த நடுக்கத்தால்தான் தோற்றார். ஊசி வளைந்தது. தேர்வாளர் சியாங் அம்மா, “போதும், எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார். இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் தவறினால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சந்தைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த இரண்டாவது தேர்வு இந்த வசந்தத்தில் வந்தது. மாணவர்கள் ஒருவருக்கொருவர் ஊசி போட வேண்டும். லுவோவுக்கு ஜோடியாகப் பெய் மின் என்ற பெண் வாய்த்தாள். அவள் தன் தேர்வைக் காலையிலேயே லுவோவின் காலில் முடித்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஊசிக்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வியை எல்லாரையும் போலவே கேட்டார்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டாச்சு.”

இந்த ஊரில் அந்தக் கேள்வி நலம் விசாரிப்பது மாதிரி, அதற்கு வேறு பதில் கிடையாது. பட்டினி கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். காலையிலிருந்து ஒவ்வொரு கட்டிலிலும் இந்தக் கேள்வியும் பதிலும் மந்திரம் போல ஓடிக்கொண்டிருந்தன. லுவோ நாடி பார்க்க அவள் மணிக்கட்டைத் தொட்டார். ஐஸாக இருந்தது. உதடும் வெளுத்திருந்தது.

“என்ன சாப்பிட்டே?”

பெய் மின்னுக்குக் கண் கலங்கியது. “பயத்துல எதுவும் இறங்கலைண்ணே. நீங்க போடுங்க, நான் தாங்கிக்கறேன்.”

வெறும் வயிற்றில் ஊசி ஏற்றினால் ஆள் மயங்கிச் சரியலாம் என்பது முதல் வாரத்துப் பாடம். லுவோ ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, “இவ சாப்பிடலை. நான் போடமாட்டேன்” என்றார்.

சியாங் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “முறை போயிடும், தெரியுமில்லே?”

“போகட்டும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உணவுக்கூடத்தில் ஒரு கிண்ணம் அரிசிக்கஞ்சியும் ஊறுகாயும் வாங்கி அவள் முன்னால் வைத்தார். அவள் அழுதுகொண்டே குடித்தாள். “உங்களைக் கெடுத்துட்டேனே அண்ணே” என்றாள்.

“கஞ்சியைப் பாத்துக் குடி. மூக்குல ஏறிடப்போகுது. எங்க கடையில நான் இல்லாம எலும்பெல்லாம் கோணையா வெட்டறாங்களாம்.”

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் கைவிட்டுப் போனபின் மனசு லேசாகிவிட்டது. ஓராண்டாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது போல இருந்தது. இன்னொரு கரண்டி கஞ்சி வாங்கித் தானும் குடித்தார்.

பையை எடுக்க இருவரும் தேர்வு அறைக்குத் திரும்பி வந்தால், அங்கே சியாங் அம்மா மட்டும் இருந்தார். ஊசித்தட்டு அங்கேயே இருந்தது. “படுக்கச் சொல்லுங்க” என்றார், அவ்வளவுதான்.

பெய் மின் படுத்தாள். அவள் கன்னத்தில் இப்போது ரத்தம் ஓடியது. லுவோ முழங்காலுக்குக் கீழே விரலால் தடவி இடம் பார்த்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

“அண்ணே, சீக்கிரம் குத்திடுங்களேன். காத்துக்கிட்டே கிடக்கறதுதான் பயமா இருக்கு.”

ஊசி ஏற்கெனவே உள்ளே இருந்தது. லுவோ தன் கையைத் தூக்கிப் பார்த்தார். அது நடுங்காமல் இருந்தது. அப்பாடா என்று அவர் விட்ட மூச்சு வராந்தாவில் நின்றிருந்த எனக்கே கேட்டது.

சியாங் அம்மா குனிந்து ஊசியைப் பார்த்தார். ஊசியை எடுத்து, பெய் மின்னை எழுந்துபோகச் சொல்லிவிட்டு, அதே கட்டிலில் தானே ஏறி உட்கார்ந்தார். லுவோ வாயைத் திறப்பதற்குள், “சாப்பிட்டாச்சு. பன், முட்டை, சோயாப்பால். இப்ப எனக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார்.