சொல்லாமல் விட்ட முதல் வாக்கியம்

ஒரு தாய் நீதிமன்றத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் நீதிபதியிடம் சொல்லாமல் விட்டேன். மறந்துபோய் அல்ல, தெரிந்தே விட்டேன். அதனால் ஒரு சின்னப் பெண்பிள்ளை தாயைவிட்டுப் பிரிந்து வளர்ந்தது.

கண்டியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வழக்குகள் சிங்களத்தில் நடக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் கூண்டில் ஏறினால் அவர்கள் பக்கத்தில் நான் நிற்பேன். அன்று மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரப்பனி ஜன்னல் கம்பிகளைத் தாண்டி மேசைகள் மேல் படிந்திருந்தது. மின்விசிறி சுற்றியதா நின்றதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எல்லோரும் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மெதுவாக வாயசைப்பதுபோல ஒரு மயக்கம் இருந்தது.

அவள் மலையில் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். கணவன் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு தன் அக்காள் வீட்டில் இருந்தான். பிரிவதற்கு இருவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அதுவரை தாயோடு இருந்த ஆறு வயதுப் பிள்ளை இனி யாரிடம் இருப்பது என்பது மட்டுமே மிச்சம். பிள்ளை தகப்பனோடு தங்கிக் கண்டியில் படிக்கத் தாய்க்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவள் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மனசில்லைங்க. ஐயாமாரு பாத்துச் சொன்னா சரிங்க" என்றாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டாவது வாக்கியம் சம்மதமே அல்ல. துரை முன்னால், கணக்கப்பிள்ளை முன்னால், டாக்டர் முன்னால், எதைச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் முடிப்பார். நானும் தோட்டத்து லயவீட்டில் பிறந்து கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தவன். ஆகவே எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் முதல் வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "தாய் சம்மதிக்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

ஏன்? பிள்ளை மலையிலிருந்து இறங்கினால் என்னைப்போலப் படித்துவிடும் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். அவளுக்காக வாதாடிய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நீதிபதி எழுதி முடித்தார். அவள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கோவில் மண்டபத்தில் பிரிய நினைக்கும் தம்பதிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் இளம் சட்டத்தரணி ஒருத்திக்கு உதவியாகப் போய்வந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண். கணவன் மனைவியாக இருப்பது முடியலாம், தாய் தகப்பனாக இருப்பது முடியாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். ஒரு நாள் அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம், "அக்கா, பிள்ளையைப் பற்றின கட்டளை எண்டைக்கும் கடைசிக் கட்டளை இல்லை. பிள்ளைக்கு நல்லதெண்டால் திரும்பவும் போய்க் கேக்கலாம்" என்றாள். எனக்கும் அது தெரியாததல்ல. அன்று அது எனக்கே சொன்னதுபோல இருந்தது. கூட்டம் கலைந்த பின் சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த பைலை மூடி வைத்தாள். பிறகு, "ஐயா, முதல்ல அந்த அம்மாவிட்டப் போய்ச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு கோட்டுக்குப் போவம்" என்றாள்.

போனேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். பனி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து வந்து போனது. சில நேரம் அவள் முகம் மறைந்து குரல் மட்டும் இருந்தது.

"நான் சொன்னேன், கோட்டு கேக்கலன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மொதல்ல பாக்கப் போனேன். புள்ள அத்தைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. 'ஒங்கம்மாதான் வேணாம்னு குடுத்துட்டா'ன்னு சொல்லி வச்சிருக்காங்க. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? எனக்காகப் பேசத்தானே ஐயா ஒங்கள நிப்பாட்டுனாங்க?"

சட்டத்தரணி புதிதாக மனுப் போட்டாள். நான் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னேன். இவ்வளவு காலம் ஏன் பேசாமல் இருந்தீர் என்று புதிய நீதிபதி கேட்டார்.  தாய் கேட்டது பிள்ளையை. கிடைத்தது பாடசாலை விடுமுறை நாட்கள் மட்டும். பிள்ளை கண்டியில் வேரூன்றிவிட்டாள், நடுவில் பிடுங்கக் கூடாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்த வேரையும் வைத்தவன் நான்தான்.

தகப்பன் தாயின் கையில் நேரடியாகப் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்றான். அழைத்துப்போகும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் விடுமுறையில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு அவன் போனான். உயரமாக வளர்ந்திருந்தாள். திகன என்ற ஊர் கழியும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். தெல்தெனியவைத் தாண்டி பஸ் மேலே ஏறியபோது, நீர்த்தேக்கம் கீழே வானத்தின் ஒரு துண்டுபோலக் கிடந்தது.

"அம்மாதானே என்னை வேணாம்னு குடுத்தாங்க?" என்று வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"இல்லம்மா. 'எனக்கு மனசில்லை'ன்னு சொன்னாங்க. நான்தான் அதை நீதிபதிகிட்டச் சொல்லல."

"ஏன்?"

"கண்டியில இருந்தா நீ நல்லாப் படிப்பேன்னு நெனச்சேன்."

"நான் கணக்குல பெயிலு" என்றாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் தாய் குடையோடு நின்றாள். பிள்ளை இறங்கி, குடைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு கேட்டாள்: "நீங்க மனசில்லைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்டி" என்றாள் தாய். "ஒனக்குக் கேக்கலியா?"

ஆறு வயதில் வீட்டில் இருந்த பிள்ளைக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் அவள் குடைக்குள் போனாள். இருவரும் என்னை மறந்து மேலே நடந்தார்கள்.

அதன் பிறகு வந்த விடுமுறைகளிலும் நானே கூட்டிப்போனேன். தாய் பிள்ளையை வாங்கிக்கொண்டு தலையை அசைப்பாள், அவ்வளவுதான். ஒருமுறைகூட வாங்க என்று கூப்பிட்டதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போன விடுமுறையில் இறங்கும்போது பிள்ளை மட்டும் திரும்பினாள்.

"அடுத்த லீவுக்கு நீங்க வர வேணாம் தாத்தா. அம்மாவே கண்டிக்கு வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். அப்பா சரின்னுட்டாரு."

"நெசமா சரின்னாரா?" என்று கேட்டேன்.

"நானே பக்கத்துல நின்னு காதால கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.