கதவு மூடிய ரயில்

வட்டவளையிலிருந்து ஹட்டனில் நான் வேலை செய்யும் தையல் கடைக்குக் காலை ரயிலில்தான் போவேன். றொசல்லை ஸ்டேஷனைத் தாண்டியதும் ஒரு வளைவு. அங்கே பாதையோர மலையில் என் மனைவி தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். நான் கதவில் நின்று கை காட்டுவேன், அவளும் காட்டுவாள். பத்து வருடப் பழக்கம்.

போட்டோவுக்காகக் கதவில் தொங்குகிறவர்கள் கூடிப்போகவே, ஓடும்போது கதவுகளைப் பூட்டிவைக்கத் தொடங்கினார்கள். ஒழுங்காக நின்ற எனக்கும் சேர்த்துத்தான் பூட்டு. எரிச்சலோடு ஜன்னலுக்குப் போனேன்.

அன்று மாலை மனைவி சொன்னாள்: "எல்லா ஜன்னல்லயும் தலையா இருக்கு. யாரோ வெள்ளைக்காரனுக்குக் கை காட்டிட்டேங்க. அவனும் சிரிச்சிக்கிட்டே காட்டுறான்."

"நீ ஒரு துணிய வீசு. நானே ஒன்னைய கண்டுபிடிச்சிர்றேன்" என்று, கடையில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கொடுத்தேன். பச்சை மலையில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பதோடு என் தையல்காரப் புத்தி நின்றுவிட்டது.

மறுநாள் அவள் வீசினாள். ரயில் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, பாதையில் மண் சரிந்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார்.

அவள் என் ஜன்னலைக் காட்டினாள். "இல்லைங்க, எங்க வீட்டுக்காரர் போறாரு. அதான்."

பெட்டியே சிரித்தது. டிரைவர் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ரயிலை எடுத்தார்.

அடுத்த நாள் அவள் கையில் மஞ்சள் துணி. அதே டிரைவர். ரயில் நிற்கவில்லை. ஆனால் வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஹார்ன் அடித்தார். மலையிலிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து கை காட்டினார்கள்.