பிரேக் சத்தமும் என் போன வாரப் பதிவும்

மெக்கானிக் அன்வர் பிரேக்கைச் சரியாகப் பார்க்கவில்லை, மிதித்தால் காரில் 'டொக்'கென்று சத்தம் வருகிறது என்று போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். நிறையப் பேர் பகிர்ந்தீர்கள்.

இன்று காலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அதப் படிச்சிட்டு ரெண்டு பேரு வண்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். நீங்க ஓட்டுங்க, நான் பின்னால ஒக்காந்து கேக்குறேன்."

பாலக்கரையில் பிரேக்கை மிதித்தேன். டொக்.

அவர் குனிந்து என் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு பீங்கான் யானை. ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் தங்கைக்காக வாங்கி, கொடுக்க மறந்துபோனது. தும்பிக்கை உடைந்திருந்தது.

"இது நம்ம பட்டறையில மாட்டுன பார்ட்டு இல்லீங்க சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடை தவறென்றால் முதல் வரியிலிருந்து சரிபார்க்கச் சொல்லி முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். இப்போது எந்த வரியையும் பார்க்காமல், ஊரறிய ஒரு நல்ல மனிதருக்கு முட்டை மார்க் போட்டுவிட்டேன்.

அன்வர், மன்னித்துக்கொள்ளுங்கள். பிரேக் சரியாகத்தான் இருக்கிறது.

போன வாரம் பகிர்ந்தவர்கள் இதையும் பகிர்வீர்களா, இல்லை மன்னிப்புக்கு மட்டும் விரல் வலிக்குமா?